பின் சீட்டில் ஆள் உட்கார முடியாத வண்டி

எங்கள் குன்மா மாவட்டத்துக்கு இரண்டு விஷயத்தில் பேர். ஒன்று, குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி முகத்தோலை உரிக்கும் வறட்டுக் காற்று. இன்னொன்று, பெண்டாட்டி ராஜ்ஜியம். இந்த ஊர்ப் பெண்கள் புருஷனை விரல் நுனியில் ஆட்டிவைப்பவர்கள் என்று டோக்கியோக்காரர்கள்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள். காற்று உண்மைதான், என் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கேட்டால் சொல்லும். ராஜ்ஜியத்தைத்தான் நான் இன்னும் எங்கேயும் பார்க்கவில்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் மிசாவோவின் வீட்டில் நிச்சயமாகப் பார்க்கவில்லை.

மிசாவோவும் நானும் கொன்னியாக்கு ஆலையில் பக்கத்துப் பக்கத்து மேசை. கிழங்கு மாவில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு இறுக்கி, துண்டு போட்டு, பையில் அடைக்கிற வேலை. வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கழுவினாலும் கையில் அந்த வாடை நிற்கும். அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. குள்ளமான உருவம், அகலமான கைகள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் ஊசி இருக்கும்.

ஆலையில் அவளுக்குப் பாதி நாள் வேலைதான். மீதி நாளில் அவள் டிரைவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யார் எங்கே போவதென்றாலும் அவள்தான் ஓட்ட வேண்டும். இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேரையும் பேஸ்பால் பயிற்சிக்கு, பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை ஆஸ்பத்திரிக்கு, மாமியார் போனபின் மாமனார் தோகுஜியை டயாலிசிஸுக்கு. திங்கள், புதன், வெள்ளி, மழையானாலும் பனியானாலும். தோகுஜிக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன. சிறுநீரகமும் இடுப்பும்தான் போய்விட்டன.

அவள் கணவன் ஷிகெஹாருவிடமும் கார் இருந்தது. பெரிய கார், நாலு கதவு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெழுகு போட்டுத் துடைப்பான். அப்பனை மட்டும் அதில் ஏற்றமாட்டான். கேட்டால், "அது வேலைக்குப் போற வண்டி" என்பான். பேரிங் ஆலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அப்பாவை நீ கூட்டிட்டு வந்துடு" என்பான். அந்த வீட்டில் காலை வணக்கமே அதுதான்.

மிசாவோவின் வண்டி மஞ்சள் நம்பர் பலகை போட்ட குட்டி வேன். அதில் தோகுஜி பின்னால் இடது பக்கம்தான் உட்காருவார். ஊர்ச் சங்கத் தலைவராக இருந்தவர். முன்னால் மருமகளுக்குப் பக்கத்தில் உட்காருவது அவருக்கு முறையாகப் படவில்லை. டவுனுக்கு இறங்கும் பாதையில் வழிப்போக்கரைக் காக்கும் ஜிசோ சாமியின் கல் சிலை நிற்கும் இடத்தில் ஒரு மோசமான வளைவு உண்டு. அங்கே வந்ததும் மிசாவோ திரும்பாமலே குரல் கொடுப்பாள்: "மாமா, வளைவு வருது. பிடிச்சுக்குங்க." கிழவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். நானும் சில தடவை அந்த வேனில் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் அதைச் சொல்ல மறந்ததில்லை.

ஒரு நாள் கொன்னியாக்குப் பைகளுக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவளிடம் சொந்தமாக ஒரு கார் இருந்ததாம். சிவப்பு, இரண்டு கதவு, கியர் போட்டு ஓட்டுகிற கூபே. வங்கிக் கிளையில் வேலை பார்த்து வாங்கியது. வாழ்க்கைப்பட்டு வரும்போது அதில்தான் வந்தாள். முதல் பிரசவத்துக்கு ஊர் வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது வாசலில் வெள்ளை வேன் நின்றது.

"என்னோடது எங்கேன்னு கேட்டேன். மாமா பேப்பர் படிச்சுக்கிட்டே சொன்னாரு, 'குழந்தையை எதுல ஏத்துவ? மாத்திட்டேன்'னு. அவ்வளவுதான், அக்கா."

"நீ என்ன சொன்ன?"

"'ரொம்ப நன்றி'ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? கையில பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த பைக்கு முத்திரை ஒட்டினாள்.

அந்த வேனுக்குப் பின் ஒரு வேன், அதற்குப் பின் இன்னொன்று. மூன்றாவது வேன் இரண்டு வருடத் தகுதிச் சோதனையில் தேறவில்லை. அடித்தளம் துருப்பிடித்து, கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிந்தது. ஷிகெஹாரு சாப்பிட்டுக்கொண்டே, "இன்னொரு வேன் பாரு. கதவு தள்ளித் திறக்கிறதா இருந்தா அப்பாவுக்கு வசதி" என்றான். மறுநாள் ஆலையில் மிசாவோ என்னிடம் வந்து கையுறையைக் கழற்றினாள்.

"அக்கா, சனிக்கிழமை என்கூட வர்றியா? கார் பாக்கப் போறேன்."

"வேனா?"

"கூபே. ரெண்டு கதவு. ஏழு லட்சம் யென் இருக்கு, என் சம்பளத்துல சேத்தது. அதுக்குள்ள என்ன கிடைக்குதோ அது."

"மாமனாரை?"

"டயாலிசிஸ்காரங்களே வீட்டு வாசலுக்கு பஸ் அனுப்பறாங்க. காசுகூட வாங்கறதில்ல. எல்லாக் கிழவனும் அதுலதான் போறான். இவருக்கு மட்டும் அது ஆகாது. அக்கம்பக்கம் பாக்குமாம்." கையுறையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ஒரு வண்டி வேணும், அக்கா. பின்னாடி யாரும் உட்கார முடியாத வண்டி."

பெண்டாட்டி ராஜ்ஜியம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். முப்பது வருடம் கழித்து ஒரு பின் சீட்டை ஒழிப்பது.

ஏழு லட்சத்துக்குப் பழைய கூபே வாங்குவது அந்த வருடம் லேசான காரியமில்லை. அமெரிக்கர்கள் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போனதில், ஒரு காலத்தில் சும்மா கொடுத்தாலும் வேண்டாமென்ற வண்டிக்கெல்லாம் விலை ஏறிக் கிடந்தது. முதலில் நெடுஞ்சாலை ஓரம் கொடி கட்டிய ஒரு பெரிய கடை. வெள்ளி நிறக் கூபே, விலை நம் கைக்குள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. மிசாவோ செருப்பைக் கழற்றி, கைக்குட்டையை விரித்து, மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"புதுசா கறுப்பு மை பூசியிருக்கான். பழைய காரோட வயித்துக்கு எதுக்கு மேக்கப்?" நகத்தால் சுரண்டினாள். மையோடு சேர்ந்து தகடும் உதிர்ந்தது. பனிப்பிரதேசத்து வண்டி, பனி கரைய ரோட்டில் கொட்டுகிற உப்பு தின்றுவிட்டது. விற்பனைப் பையன் இடுப்பு வளைய வளைய மன்னிப்புக் கேட்டான். இவளும் பதிலுக்கு வளைந்தாள். இரண்டு பேரும் மாறி மாறி வளைந்ததில் எனக்குத்தான் முதுகு வலித்தது.

அடுத்தது ஒரு வாலிபனின் வண்டி. டிக்கி மேல் பலகை மாதிரி ஒரு இறக்கை, தரையோடு தரையாக இறக்கிய சக்கரங்கள், கிளப்பினால் கோழியெல்லாம் ஓடுகிற சத்தம். "எங்க வாசல்ல ஏறும்போதே அடி தட்டும். தட்டாட்டி அந்தச் சத்தத்துல எங்க மாமா போயிடுவாரு" என்றாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

மூன்றாவது இடம் நாகுமோவின் பட்டறை. தொப்பை போட்ட மனிதர், நாலு கார் நிறுத்தத்தான் இடம். எங்களைப் பார்த்ததும், "வாங்கம்மா. யாருக்கு, பையனுக்கா? வீட்டுக்காரருக்கா?" என்றார்.

"எனக்கு."

"அடேயப்பா! அப்ப கியர் இல்லாததா காட்டறேன்."

"கியர் உள்ளது காட்டுங்க."

அவர் காட்டியது கருநீலக் கூபே. இருபது வயசு வண்டி. ஒரு பல் டாக்டர் மட்டுமே ஓட்டியது, கை மாறாதது. இடது கதவு ஒரு தடவை நசுங்கி மாற்றியிருக்கிறது. அதை நாகுமோவே முதலில் சொன்னார். அதனால்தான் விலை இறங்கியது. மிசாவோ கதவு இடுக்கில் விரல் ஓட்டிப் பார்த்தாள். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தாள்; வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் எத்தனை கழுவினாலும் சேற்று நாற்றம் போகாதாம். நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டாள். வயலோரப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தபோது அவள் காது சிவந்திருந்தது. அதற்குப் பின்தான் அந்தக் கேள்வி:

"பின் சீட்ல ஒரு தடவை உட்கார்ந்து பாக்கலாமா?"

நாகுமோ தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷமா விக்கறேன். பின்னாடி உட்கார்ந்து பாத்து கூபே வாங்கினவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். சரி, உட்காருங்க."

முன் சீட்டை மடக்கி, ஊர்ந்து உள்ளே போனாள். முழங்கால் முகவாயில் முட்டியது, தலை பின் கண்ணாடியில் இடித்தது. அவளே குள்ளம். "அக்கா, நீயும் வா" என்றாள். நானும் நுழைந்து பார்த்தேன். வெளியே வர முடியாமல் நாகுமோ என் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"ஆள் உட்கார முடியாதுல்ல?" என்று அவள் அவரிடம் கேட்டாள், கவலையோடு.

"கடைப் பை வைக்கலாம். நாய்க்குட்டி வேணா உட்காரும். உண்மையைச் சொல்லணுமில்ல?"

"அப்ப இதுதான்."

என் வண்டியில் திரும்பும்போது நான் கேட்டேன், "முன் சீட் ஒண்ணு இருக்கேடி. கிழவர் அதுல ஏறிக்கிட்டா?"

"முன்னாடி உட்கார மாட்டாரு. உட்கார்ந்தாலும், அவ்வளவு தாழ்வா அவர் இடுப்பு இறங்காது. இறங்கினா ஏறாது." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள், "அதையும் யோசிச்சாச்சு, அக்கா." அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. தப்பு என்று தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. குட்டி வேனுக்கு எங்கள் ஊரில் அந்தச் சிக்கல் கிடையாது. கூபே மாதிரி பெரிய எஞ்சின் வண்டி என்றால், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்று வாங்க வேண்டும். இடம் வேறொருவர் பேரில் இருந்தால் அவர் ஒப்புதல் முத்திரை வேண்டும். வாசல் நிலம் தோகுஜி பேரில் இருந்தது.

இதில் ஒரு சிக்கலுமே இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வார்கள். குடும்பப் பெயர் பொறித்த முத்திரை எல்லார் வீட்டிலும் வாசல் அலமாரியில் கிடக்கும். தபால் பார்சல் வந்தால் யார் கையில் அகப்படுகிறதோ அவர்கள் குத்தி வாங்கிக்கொள்வார்கள். மாமனார் பேரும் மருமகள் பேரும் ஒரே குடும்பப் பேர்தானே? "எடுத்துக் குத்திட்டுப் போ. போலீஸ்காரன் வந்து டேப் வச்சு இடத்தை அளப்பான். முத்திரையைக் குத்தின கை யார் கைன்னா பாக்கப் போறான்?" என்றேன்.

"இல்ல. அவர்கிட்ட கேக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"அவர் கேக்காம வித்தாரு. நான் கேட்டு வாங்கணும். அவர் கையால குத்தணும்."

அதுதான் அவள் செய்த தப்பு. வண்டி வாங்கியது இல்லை, கேட்டது. எங்கள் ஊரில் பெரியவரிடம் எதிரே மண்டியிட்டு, இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டி முறைப்படி கேட்டுவிட்டால், அவரால் மறுக்க முடியாது. கொடுத்த பிறகு அதைப் பற்றி வாயே திறக்க முடியாது. வேண்டாமென்றும் சொல்லாமல், வேண்டுமென்றும் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே அமுக்கிக்கொள்வார்கள். சண்டை போடுகிற ஊராக இருந்தால் அந்தக் கிழவர் பிழைத்திருப்பார்.

அவள் கேட்ட அன்று நான் உப்பில் ஊறவைத்த முள்ளங்கி கொடுக்கப் போனேன். தோகுஜி அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே தாழ்வாரத்தில் காய்வதற்கு தக்காளி மாதிரி இருக்கும் சீமைப்பனிச்சைப் பழங்களை உரித்துக் கயிறு கயிறாகத் தொங்கவிட்டிருந்தார்கள். டயாலிசிஸ்காரருக்கு அது விஷம், ஒன்றுகூடத் தொடக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்காக மிசாவோ காயவைப்பாள். அவள் காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"மாமா, நான் ஒரு வண்டி வாங்கறேன். வாசல்ல நிறுத்த உங்க முத்திரை வேணும்."

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். "நீளம் அகலமெல்லாம் போட்டிருக்கு. உயரம் ரொம்பக் கம்மியா இருக்கே. என்ன வண்டி?"

"கூபே. ரெண்டு கதவு."

அவர் காகிதத்தை மேசைமேல் வைத்து ஓரத்தை நேராக்கினார். பிறகு கேட்டார், "பஸ் எத்தனை மணிக்கு வரும்?"

வேறு எதுவும் கேட்கவில்லை. புரிந்துகொண்டுவிட்டார். மிசாவோ நேரத்தைச் சொன்னாள். அவர் முத்திரையை மை டப்பாவில் தொட்டு, நடுங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு குத்தினார். மங்கலாக விழுந்தது. பக்கத்திலேயே இன்னொரு தடவை, அழுத்திக் குத்தினார். "பாத்து ஓட்டு" என்றார். மிசாவோ தலை தரையில் பட வணங்கினாள். நான் முள்ளங்கியோடு அசடாக நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. ஷிகெஹாரு வாசலில் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன, பொம்மையா?" என்றதோடு சரி. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக ஹாருனா ஏரி வரை ஏறிப்போய் இறங்கிவந்தாள். அரிசி ஊறவைக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பிவிட்டாள். மறுநாள் ஆலையில் கொன்னியாக்குத் துண்டு போட்டுக்கொண்டே அவள் மெதுவாகப் பாடியதைக் கேட்டேன். பக்கத்து மேசையில் அத்தனை வருடம் நின்றிருக்கிறேன், அவளுக்குப் பாட்டு வரும் என்பதே எனக்குத் தெரியாது.

தோகுஜி பஸ்ஸில் போகத் தொடங்கினார். தொப்பியை இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறுவார். பஸ்ஸில் வேறு ஐந்தாறு கிழவர்கள் இருப்பார்கள். ஒருவர் அவர் தலைவராக இருந்த காலத்தில் சங்கத்தில் எடுபிடியாக இருந்தவர். அவர், "என்ன தலைவரே, மருமக கைவிட்டுட்டாளா?" என்று விளையாட்டாகக் கேட்டாராம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கேட்டவர் அழுதுகொண்டே சொன்னார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, மிசாவோ ஆலைக்குப் போனபின் பஸ் வந்தபோது தோகுஜி வாசலில் நின்று, "இன்னிக்கு மருமக கூட்டிட்டு வர்றா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். டயாலிசிஸ் இடத்திலிருந்து போன் வந்தபோது அவரே எடுத்து, "லேசா ஜலதோஷம். நாளைக்கு மருமக கூட்டிட்டு வருவா" என்றார். ஆலையிலிருந்து திரும்பிய மிசாவோவிடம், "போயிட்டு வந்தேன், அலுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். டயாலிசிஸ் நாளில் அவர் எப்போதும் அப்படித்தான் படுப்பார். செவ்வாய்க்கிழமையும் அவர் போகவில்லை. அன்று மிசாவோ வேலை முடிந்து வந்தபோது அவர் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டுவிட்டது. பழக் கயிறு ஒன்று முழுதாகக் காலியாகி இருந்தது. காம்புகளை மட்டும் ஒழுங்காக ஒரு காகிதத்தில் குவித்து வைத்திருந்தார்.

தெரிந்தே சாப்பிட்டாரா, வாய் கேட்டுச் சாப்பிட்டாரா, யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் அவர் சாக நினைக்கவில்லை. அந்த பஸ்ஸில் ஏறக் கூடாது என்று மட்டும் நினைத்தார். வீட்டில் கேட்கவும் வாய் வரவில்லை, முத்திரை குத்திக் கொடுத்தாயிற்றே. மனிதர்கள் இதைவிட அற்பமான காரணத்துக்கெல்லாம் செத்திருக்கிறார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இழவு வீட்டிலேயே தொடங்கிவிட்டது. ஷிகெஹாருவின் தங்கை கிமியே தாகாசாகியிலிருந்து வந்திருந்தாள். முன்னோர் பூஜைக்கும் புத்தாண்டுக்கும் என்று வருடத்தில் இரண்டு தடவை வந்து அப்பாவுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகிறவள். வாசலில் நின்ற கருநீல வண்டியைக் காட்டி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்:

"பாத்தீங்களா? அப்பா உட்கார இடமில்லாத வண்டி. அதுக்கு அப்பா கையாலேயே முத்திரையும் வாங்கியிருக்கா. என்ன நெஞ்சழுத்தம்!"

மிசாவோ வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "உங்க அண்ணன் கார்ல நாலு கதவு இருக்கே, கிமியே. அதுல எந்தக் கதவு திறக்கலன்னு அவரைக் கேளு" என்றேன். ஷிகெஹாரு கறுப்புக் கோட்டில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற மாதிரி, மகன் ஏற்றாதது வேலை அலுப்பு, மருமகள் ஏற்றாதது கொலை.

அவன்கூடக் கேட்டிருக்கலாம். "அப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒரு திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். இவ்வளவு வருடத்தில் ஒரு திங்கட்கிழமை.

மிசாவோ அதற்குப் பின் ஏரிக்குப் போகவில்லை. ஆலைக்கும் சைக்கிளில் வந்தாள். வண்டியை விற்கிறீர்களா என்று நாகுமோ மரியாதையாகக் கேட்டு அனுப்பினார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட செய்தி பட்டறை வரை போக ஒரு நாள் போதும். "வித்தா, செஞ்சது உண்மைன்னு ஆயிடும். வச்சிருந்தா, வெக்கமில்லாதவள்னு ஆயிடும். எதுன்னாலும் ஒண்ணுதான், அக்கா" என்றாள். வண்டி வாசலில் நின்றது. வறட்டுக் காற்று அதன் மேல் வயல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள், எலும்புச் சாம்பல் பேழையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடும்பக் கல்லறையில் வைக்க வேண்டும். காலையிலேயே காற்று ஊளையிட்டது. ஷிகெஹாருவின் பெரிய கார் வாசலுக்கு வந்தது. கிமியே, அவள் கணவன், இரண்டு அத்தைமார், மடியில் பூவும் படையலும். கார் நிறைந்துவிட்டது. இறந்தவர் படத்தை ஷிகெஹாரு எடுத்துப் போய்க் கிமியேயிடம் கொடுத்தான். பேழை மட்டும் வெள்ளைத் துணி சுற்றிப் பூஜை மாடத்துக்கு முன்னால் இருந்தது. மூத்த மகன் மடியில் போக வேண்டியது அது. ஆனால் அவன்தான் காரை ஓட்ட வேண்டும்.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியை இறக்கினான். முப்பது வருடப் பழக்கம், அவனுக்கே தெரியாமல் வாயில் வந்திருக்க வேண்டும்.

"அப்பாவை நீ கூட்டிட்டு வந்துடு."

சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. அதற்குள் கார் நகர்ந்துவிட்டது. கிமியே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மிசாவோ வாசலில் அப்படியே நின்றாள்.

பிறகு உள்ளே போய்ப் பேழையை இரண்டு கையிலும் தூக்கி வந்தாள். "அக்கா, நீ முன்னாடி ஏறிக்கோ" என்றாள். "நான் மடியில வச்சுக்கறேன், குடு" என்றேன். அவள் தலையசைத்தாள். "அவர் முன்னாடி உட்கார மாட்டாரு."

முன் சீட்டை மடக்கி, குனிந்து, பேழையைப் பின் சீட்டின் இடது பக்கம் வைத்தாள். இடிக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. அளவெடுத்துச் செய்தது மாதிரி அடங்கிவிட்டது. நாங்கள் இருவரும் முழங்கால் முட்ட உட்கார்ந்து பார்த்த அதே இடம். அவள் பெல்ட்டை இழுத்துப் போட்டு, துணி கசங்காமல் சரிசெய்தாள்.

டவுனுக்கு இறங்கும் பாதை. பின்னால் வந்த லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனான். மிசாவோவின் கண் அடிக்கடி உள் கண்ணாடிக்குப் போய் வந்தது. கல் ஜிசோ தெரிந்தது. கியரை இறக்கினாள்.

"மாமா, வளைவு வருது" என்றாள், திரும்பாமல். "பிடிச்சுக்குங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. கோயில் போய்ச் சேரும்வரை அந்தப் பழைய வேனை ஓட்டுகிற வேகத்திலேயே ஓட்டினாள்.